மழைக்குத் தாங்கும் வழி

எங்கள் பிளான்ட் மேனேஜர் பாக்கியராஜ் சார் காரின் முதுகில் மாட்டிக்கொண்டு வந்த சைக்கிளை இறக்கிய அன்று, கேட்டில் காவலுக்கு நின்ற நான்தான் ஓடிப் போய்ப் பிடித்தேன். ஒற்றைக் கையில் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. டயர் மட்டும் டிராக்டர் டயர் போட்ட குட்டி மாதிரி முட்டுமுட்டாக இருந்தது. மலையில் ஓட்டுகிற சைக்கிளாம். கும்மிடிப்பூண்டியில் மலைக்கு எங்கே போவது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜரின் சைக்கிளைப் பார்த்து வாட்ச்மேன் சிரிக்க முடியாதே, “சூப்பர் சார்” என்றேன்.

இது இரண்டாயிரத்து எட்டு, டிசம்பர் தொடக்கம். அவரும் அவருடைய சென்னைக் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தடா பக்கம் மலையடிவாரத்தில் ஓட்டுவார்கள். நவம்பர் கடைசியில் அடித்த புயல் மழையில் அங்கே பாதையெல்லாம் ஓடையாகிவிட்டது. ஒருத்தருக்குப் பாறையில் வழுக்கித் தோள்பட்டை இறங்கிவிட்டதாம். அதற்காக வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி தின்கிற ஆட்களா அவர்கள்?

“தேசப்பன், மழைலயும் ஓட்டற மாதிரி இந்த சைடுல ஒரு பாதை வேணும். சேறு ஒட்டக் கூடாது, தண்ணி நிக்கக் கூடாது. தார் ரோடு வேணாம். லோக்கல் ஆளு யாராவது தெரியுமா?” என்று கேட்டார்.

“எதுக்கு சார் வேற ஆளு? இந்த ஏரியா எனக்கு அத்துப்படி.”

பச்சைப் பொய். நான் காக்களூர்க்காரன். அங்கே எஸ்டேட்டில் பத்து வருஷம் கேட்டில் நின்றுவிட்டு, ஏஜென்சிக்காரன் மாற்றிப் போட்டதால் இங்கே வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. எனக்குத் தெரிந்த பாதை, ரூமிலிருந்து கேட், கேட்டிலிருந்து டீக்கடை. ஆனால் அவர் என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, “குட்! இனிமே நீதான் நம்ம ட்ரெயில் மாஸ்டர்” என்றார். பன்னிரண்டு வருஷம் காக்கி போட்டவனை யாரும் வாட்ச்மேன் என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தத் தட்டு இரண்டு நாளைக்குத் தோளிலேயே இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்காகத்தான் எல்லாம் செய்தேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் என் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு சிப்காட்டுக்குப் பின்னால் இறங்கினேன். அரை கிலோமீட்டர் போவதற்குள் களிமண் பிடித்துக்கொண்டது. அந்த மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கறுப்புக் களி, நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், இரண்டு சுற்றில் மட்கார்டுக்குள் நுழைந்து இறுகிக்கொள்ளும், அப்புறம் சக்கரம் சுற்றாது. இறங்கித் தள்ளினாலும் வராது. குச்சியால் நோண்டி நோண்டி, கடைசியில் சைக்கிளை இழுத்துக்கொண்டே ரூமுக்கு வந்தேன். வழியில் மாடு மேய்த்த ஒரு கிழவன் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன்.

கேட்டில் நிற்கிறவனுக்கு வேலையே பார்ப்பதுதான். அடுத்த நாள் காலை ஷிப்டுக்கு வந்த சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிற அத்தனை சைக்கிளிலும் களி. ஆளுக்கொரு குச்சி வைத்துக்கொண்டு ஸ்டாண்டில் நோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு லேடீஸ் சைக்கிளின் சக்கரம் மட்டும் கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருந்தது, கொஞ்சம் வெள்ளை மணல் மட்டும் ஒட்டியிருந்தது. அது ஈஸ்வரியின் சைக்கிள்.

ஈஸ்வரி அசெம்பிளி லைனில் கான்ட்ராக்ட். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். எளாவூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். புருஷன் செக்போஸ்ட்டில் நின்ற ஒரு லாரியில் கிளீனராக ஏறி ஆந்திரா பக்கம் போனவன், மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. ஹைவேயில் வந்தால் நேர் வழிதான். ஆனால் போன வருஷம் இதே மழைக் காலத்தில், இருட்டோடு சைக்கிளில் வந்த ஒருத்தியை லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது. அவள் ஈஸ்வரியின் பக்கத்து சீட்காரி. அதிலிருந்து ஈஸ்வரி ஹைவே ஏறுவதில்லை. கம்பெனி பஸ் எளாவூர் வரைக்கும் போகிறது, ஆனால் அது பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். அவளுக்கு இரண்டு வருஷக் கான்ட்ராக்ட் முடிகிறது, பொங்கலுக்கு வரப்போகிற பெர்மனென்ட் லிஸ்டில் பெயர் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் மாதம் ஒழுங்காக ஓடிவிட்டால் ஜனவரியில் பஸ், ஈ.எஸ்.ஐ., குழந்தைக்கு ஆஸ்பத்திரி எல்லாம். ஒரே மாதத்தில் மூன்று தடவை லேட்டாக வந்தால் கான்ட்ராக்ட் ஆளின் பெயர் தானாக அடிபட்டுவிடும். அது எச்.ஆர். மேரி மேடத்தின் சட்டம். ஆறு மணிக்கு மேல் எத்தனை நிமிஷம் என்று ரிஜிஸ்டரில் எழுதுகிறவன் நான்.

“ஈஸ்வரி, நீ எந்த வழியா வர்ற? சக்கரம் இம்மாம் சுத்தமா கீதே!”

“இன்னாத்துக்குண்ணா கேக்குற?”

“சும்மாதாம்மா. என் சைக்கிளு களியில மாட்டிக்கினு பேஜாரா பூடுச்சு.”

பாவம், என்மேல் இரக்கப்பட்டாள். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் பேச்சுத்தான். மட்கார்டை அவளே கழற்றி வீட்டில் போட்டுவிட்டாளாம், இருந்தால் களி புகுந்துகொள்ளும். மழைக் காலத்தில் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி வைப்பாளாம், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். மேனேஜர் இதே வேலைக்கு ஒரு மீட்டர் வைத்திருந்தார்.

“வெய்யக் காலத்துல நல்லாக் கீற வழியெல்லாம் மழைக்கு ஒதவாதுண்ணா. களி காஞ்சிருந்தா சிமெண்டு ரோடு மாதிரி, நனைஞ்சா ஆள முழுங்கிடும். மணலு அப்பிடியே தலகீழு. இந்தச் சவுக்குத் தோப்ப வெய்யல்ல மிதிச்சுப் பாரு, சக்கரம் பொதையும். இப்ப பாரு.” பார்த்தேன். மழை குடித்த மணல் கெட்டியாகக் கிடந்தது, சவுக்கு முள் மெத்தை மாதிரி மேலே படர்ந்திருந்தது, சைக்கிள் தானாக ஓடியது. அதைத் தாண்டினால் செம்மண் சரளை மேடு, தண்ணீர் நிற்காது. அப்புறம் ஏரிக்கரை. அங்கேயும் அவள் நடுவில் போகவில்லை. “மொட்டையாக் கீற எடத்துல போவாத, வாரி உட்டுரும். புல்லு மேலயே வா” என்றாள். நான் சின்னப் பையன் மாதிரி பின்னாலேயே போனேன்.

ஏரிக்கரை இறங்கினதும் முனுசாமியின் நெல் வயல். இரண்டு கழனிக்கு நடுவில் ஒரு வரப்பு, இருநூறு அடி இருக்கும். அதைத் தாண்டினால் அவள் ஊருக்குப் போகிற மண் சாலை. வரப்பின் முனையில் ஈஸ்வரி இறங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். சைக்கிளின் சாய்ந்த கம்பிக்கு அடியில் தோளைக் கொடுத்து அப்படியே தூக்கிக்கொண்டாள்.

“இன்னாம்மா பண்ற?”

“தூக்கிக்கோண்ணா. ஈரத்துல இது மேல சக்கரம் ஏறக் கூடாது. சக்கரம் போன தடத்துல தண்ணி பூந்து வரப்ப அறுத்துடும். மேக் கழனி தண்ணி மொத்தமும் கீழ பூடும். முனுசாமி நைனா இந்த ஒரு கண்டிஷன் மேலதான் எங்கள உடுறாரு. நானு, அப்புறம் ரெண்டு மூணு பேரு. கோடையில பூரா ஓட்டலாம். மழைக்குத் தூக்கணும்.”

எதிர்ப் பக்கம் முனுசாமி குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தடுமாறி வருவதைப் பார்த்துவிட்டு, “நம்ம ஆளாம்மா?” என்று கேட்டார். “கேட்டு அண்ணா, நைனா. நல்ல மாதிரி” என்றாள் ஈஸ்வரி. ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. இருநூறு அடியும் தோளில் இரும்பு அழுத்த அழுத்த நடந்து தெரிந்துகொண்டேன்.

மறுநாள் மேனேஜர் ரூமில் போய் வழியைச் சொன்னேன். சவுக்குத் தோப்பு, செம்மண் மேடு, ஏரிக்கரை. ஈஸ்வரி சொன்னதையெல்லாம் நானே பிறந்ததிலிருந்து அனுபவித்த மாதிரிச் சொன்னேன். மணலுக்கும் களிக்கும் வித்தியாசம் சொன்னபோது அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். “கடேசில ஒரு வரப்பு வரும் சார். அங்க மட்டும் சைக்கிள...” என்று ஆரம்பித்தேன்.

“ஏன், என்ன பிரச்சனை? ஓட்ட முடியாதா?” அவர் முகம் சுருங்கிவிட்டது. “தூக்கிட்டு நடக்கறதுன்னா எங்க குரூப்ல யாரும் வர மாட்டாங்க, தேசப்பன்.”

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். கொஞ்சம் ஒல்லியா இருக்கும், பாத்து ஓட்டணும். அவ்ளோதான்.”

“அதான் மஜாவே!” என்று மறுபடியும் தோளில் தட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கம்பெனி ஜீப்பில் தண்ணீரும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு மண் சாலையில் நின்றேன். ஏரிக்கரையிலிருந்து ஒருத்தர் பின்னால் ஒருத்தராக இறங்கி, ஹோவென்று கத்திக்கொண்டு வரப்பின் மேல் ஓட்டி வந்தார்கள். பிடித்துப்போய்த் திரும்பிப் போய் இன்னொரு தரமும் ஓட்டினார்கள். கீழே சகதியில் விழுந்தவரைப் போட்டோ எடுத்தார்கள். இப்படி ஒரு பாதையை எங்கேயுமே பார்த்ததில்லை என்று ஒருத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தனை நாளில் என் கையைக் குலுக்கிய முதல் கார்க்காரர் அவர்தான். வரப்பை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உழுது போட்ட மாதிரிக் கிடந்தது.

திங்கட்கிழமை ஈஸ்வரி ஆறு ஏழுக்கு வந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. முனுசாமி பார்ப்பதற்குள் என்று, வழியில் இறங்கிக் கையாலேயே மண்ணை அள்ளி அப்பியிருக்கிறாள்.

“யாரோ வரப்பு மேல சைக்கிளு உட்டுக்கீறாங்கண்ணா. நம்ம மேனேஜரு ஆளுங்கன்னு ஊருல சொல்றாங்க. நீதான் வழி காட்டுனியா? தூக்கிக்கினு போவணும்னு நீ சொல்லலியாண்ணா?”

பக்கத்தில் ஏஜென்சியின் இன்னொரு காவலாள் நின்றிருந்தான். நேற்று கார்க்காரர் கை குலுக்கிய என்னை, களி அப்பின ஒரு கான்ட்ராக்ட் பெண் அவன் எதிரில் கேள்வி கேட்கிறாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

“சொல்றேன், சொல்றேன். மொதல்ல நீ கையெழுத்துப் போடு” என்று ரிஜிஸ்டரைத் தள்ளினேன். ஆறு ஏழு என்று எழுதினேன்.

இந்த ரிஜிஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தவர்களுக்கும், சிரித்துப் பேசினவர்களுக்கும் ஆறேகால் மணிகூட என் கையில் ஐந்து ஐம்பத்தெட்டு ஆகியிருக்கிறது. ஒரு கோடு இழுக்கிற வேலைதான். அவளுக்கு நான் இழுக்கவில்லை. அவள் அந்த எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள். அந்த வாரம் முழுக்க ஐந்து ஐம்பதுக்கே வந்தாள். வரும்போதெல்லாம், “சொன்னியாண்ணா?” என்று மட்டும் கேட்பாள். “ஆச்சும்மா” என்பேன். நான் வாயே திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பத்தொன்பது பேர். சனிக்கிழமை இரவே பேய் மழை. வரப்பு இரண்டு தரம் ஓட்டுவதைத் தாங்கவில்லை. கடைசியில் வந்தவர் கடந்த கொஞ்ச நேரத்தில் நடுவில் பிய்த்துக்கொண்டது. மேல் கழனித் தண்ணீர் கீழே கொட்டுகிற சத்தம் ஜீப்பில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. வெள்ளிக்கிழமை மழை விட்டதே என்று முனுசாமி யூரியா போட்டிருந்தார். யூரியாவும் தண்ணீரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தன. கீழ்க் கழனிப் பயிர் மூழ்கிப்போனது. இவர்கள் அந்தக் கொட்டுகிற தண்ணீரையும் போட்டோ எடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு ஈஸ்வரியும் முனுசாமியும் சேர்ந்தே வந்தார்கள். அவள் இருட்டோடு அவரோடு நின்று வரப்பு கட்டிவிட்டு வந்திருக்கிறாள். அவர் கையில் மம்பட்டி இருந்தது.

“யோவ், யாருய்யா உங்க மேனேஜரு? கூப்பிடு அந்த ஆள. எவன் சொல்லி என் கழனில எறங்குனான்?”

மேனேஜருக்கு போன் போட்டேன். அவர் எட்டு மணிக்குத்தான் வந்தார். அதுவரைக்கும் முனுசாமி கேட்டுக்கு வெளியே மழையில் நின்றார். ஈஸ்வரிக்கு நான் ஆறு பத்து என்று எழுதினேன். இந்தத் தடவை அவள் கெஞ்சினாள். “அண்ணா, நீயே பாக்குற இல்ல? எதுனால லேட்டுன்னு உனுக்குத் தெரியுமே. ஒரு தபா ஆறுன்னு போடுண்ணா. இன்னும் பதினஞ்சு நாளுதான்.” “ரூல்ஸ்னா ரூல்ஸ்” என்றேன்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தட்டின தோளில் இப்போது விரலால் குத்தினார். “இது பிரைவேட் லேண்டா? பர்மிஷன் வாங்கலியா நீ? ஓட்டலாம்னு யார் உனக்குச் சொன்னது?”

வேலை போய்விடும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் திட்டியிருப்பார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது இதுதான்: “அசெம்பிளில ஈஸ்வரின்னு ஒரு பொண்ணு சார். அதுதான் சார் காட்டுச்சு. தாராளமா ஓட்டலாம்னு அதான் சொல்லுச்சு.”

சொல்லிவிட்டேன். ஒரு தடவை வழுக்கினால் நிற்க முடியாது என்பது சைக்கிளுக்கு மட்டும் இல்லை. வெளியே வந்து முனுசாமியிடமும் அதையே சொன்னேன். “உங்க ஈஸ்வரிதான் நைனா வழிய காட்டிக் குடுத்துது. மேனேஜரு கையில நல்ல பேரு வாங்கலாம்னு பாத்திருக்கும். எங்க மேல கோச்சுக்காதீங்க.”

முனுசாமி மம்பட்டியைத் தரையில் ஊன்றினார். “காலைல என்கூட நின்னு மண்ணு அள்ளுச்சேய்யா” என்றார். அப்புறம், “அதான் தலையத் தூக்காமயே அள்ளுச்சா?” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மாலையே வேலிகாத்தான் முள்ளை வெட்டி வந்து வரப்பின் இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்கு அடைத்துவிட்டார். இரண்டு மணிக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்ட ஈஸ்வரிக்கு அது தெரியாது. செவ்வாய்க்கிழமை இருட்டில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து முள்ளில் முட்டியிருக்கிறாள். நைனா, நைனா என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். மோட்டார் கொட்டகையில் விளக்கு எரிந்ததாம், அவர் வெளியே வரவில்லையாம். திரும்பி வந்து களிமண் வழியில் இறங்கியிருக்கிறாள்.

ஆறு இருபத்திரண்டுக்கு வந்தாள். சைக்கிள் தோளில் இருந்தது. சக்கரம் எது, கம்பி எது என்று தெரியாத ஒரு களி உருண்டையை மூன்று கிலோமீட்டர் சுமந்து வந்திருந்தாள். செருப்பு இல்லை. நெற்றியிலும் கன்னத்திலும் முள் கீறல். சைக்கிளை இறக்கி வைக்கக் கூட முடியவில்லை, நான்தான் பிடித்து இறக்கினேன். மூச்சு வாங்கிக்கொண்டே ரிஜிஸ்டருக்குக் கை நீட்டினாள்.

அப்போது நான் நினைத்ததை மறைக்கவில்லை. இவள் இங்கே இருந்தால் என்றைக்காவது மேனேஜரிடம் உண்மையைச் சொல்லுவாள். இல்லாவிட்டால் சொல்ல மாட்டாள். ஆறு இருபத்திரண்டு என்று தெளிவாக எழுதினேன். இரண்டு இரண்டும் அழுத்தமாக விழட்டும் என்று அதன் மேலேயே இன்னொரு தரம் பேனாவை ஓட்டினேன்.

மேரி மேடம் நல்லவர்தான், கோபப்படவில்லை. மதியமே கணக்கை முடித்துவிட்டார். அடுத்த நாள் ஐ.டி. கார்டையும் நீல யூனிபார்ம் கோட்டையும் ஒப்படைக்க ஈஸ்வரி வந்தாள். கோட்டைத் துவைத்து மடித்து எடுத்து வந்திருந்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன். போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலைதான் மேனேஜர் சமாதானமாகி, “விவசாயி பிரச்சனை இல்லாத வேற பாதை ஒண்ணு பாரு” என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான். எனக்குக் களியைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

“ஈஸ்வரி, வேற எதுனா வழி கீதா? மழைக்குத் தாங்குற மாதிரி?”

என்னையே பார்த்தாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எவ்ளோ தூரம் வேணும்?”

“எவ்ளோ சுத்துனாலும் பரவால்ல. சும்மா ஓட்டத்தான்.”

“எங்க ஊட்டாண்டயே பொறப்படுது. எங்க ஊருலயும் ஒரு சவுக்குத் தோப்பு கீது, அதுக்குள்ளயே கெழக்கால போயி, உப்புக் கால்வாய் ஓரம் பனமரம் கீற மணல் மேடு. அப்பிடியே சுத்திக்கினு தோப்புக்கே வந்துடலாம். இருபது கிலோமீட்டரு வரும். ஒரு சொட்டு களி கெடையாது. யாரு கழனியும் கெடையாது. எல்லாம் பொறம்போக்கு.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“நீ கேக்கலயேண்ணா. வெளையாட வழி கேட்டிருந்தா இதச் சொல்லியிருப்பேன். நீ நான் வேலைக்கு வர்ற வழியக் கேட்ட.” அவ்வளவு சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மேரி மேடங்கிட்ட எனுக்கோசரம் ஒரு வார்த்த பேசுண்ணா. கால்ல வேணா உழுறேன்.”

பொய் வழி சொல்லிப் பழி வாங்குகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். வெள்ளிக்கிழமை அவள் தெருவைத் தவிர்த்து, சுற்றிப் போய் ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அரிசி மாவு போல வெளுத்த மணல், மழையில் இறுகி, தார் ரோடு தோற்றது. ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் சவுக்கு. என் ஓட்டை சைக்கிளே பறந்தது. ஒரு நல்ல மனுஷன் அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதிருப்பான். நான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஜீப்பை எங்கே நிறுத்தலாம் என்று பார்த்தேன்.

ஞாயிறு இருபத்தைந்து பேர். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. “தேசப்பன், இத எப்படிய்யா கண்டுபிடிச்ச?” என்றார். “அலைஞ்சேன் சார்” என்றேன். முதல் சுற்று முடிந்து திரும்பும்போது தண்ணீர் பாட்டில் எல்லாம் காலி. சவுக்குத் தோப்பு ஓரத்தில் இருந்த ஓட்டு வீட்டின் எதிரில் மேனேஜர் இறங்கித் தண்ணீர் கேட்டார். நான் ஜீப்பைக் கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்தினேன். ஆனால் பழக் கூடையை எடுத்துவரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்.

ஈஸ்வரி குடத்தோடு வந்தாள். அவள் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு சைக்கிள்களை எண்ணிக்கொண்டிருந்தது. மேனேஜர் இரண்டு சொம்பு குடித்துவிட்டு, “என்னம்மா வேலை பாக்கற?” என்று கேட்டார்.

“உங்க கம்பெனிலதான் சார் இருந்தேன். அசெம்பிளி. ஈஸ்வரி.”

“ஓ! வரப்புல ஓட்டலாம்னு சொன்ன பொண்ணு நீதானா?”

“தூக்கிக்கினுதான் போவணும்னு சொன்னேன் சார். இந்த அண்ணாவே தூக்கிக்கினு நடந்தாரு. நீங்க ஓட்டுனதுல அது ஒடஞ்சிடுச்சு, நைனா முள்ளு போட்டு மூடிட்டாரு. அதுதான் சார் நான் வேலைக்கு வர்ற வழி. மூணு நாளு லேட்டுன்னு எடுத்துட்டாங்க.”

கோபமில்லாமல், லைனில் ரிப்போர்ட் சொல்வது போலச் சொன்னாள். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூடையிலிருந்த பழங்களைப் பார்த்தேன். இதோ முடிந்தது, இத்தனை பேர் எதிரில் காக்கிச் சட்டையைக் கழற்றச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் வாட்ச்சைப் பார்த்தார். “வெரி சாட். ஆனா அது எச்.ஆர். விஷயம்மா, நான் தலையிடக் கூடாது. தேசப்பன், இவங்க நம்பர் வாங்கி வெச்சுக்கோ. வேகன்சி வந்தா பாக்கலாம்.” ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் குழந்தையிடம் நீட்டினார். சைக்கிளில் ஏறிக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவர் போலக் கேட்டார்: “இந்த மணல் இன்னும் ரெண்டு மழை தாங்குமா?”

“தாங்கும் சார்,” என்றாள் ஈஸ்வரி. “தை வரைக்கும் நல்லாத் தாங்கும்.”

“சூப்பர்!” என்று அவர் மிதித்தார். இருபத்தைந்து சைக்கிளும் அவர் பின்னால் போயின.

அவள் பக்கத்து வீட்டு செல் நம்பரை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பேப்பர் இல்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். தூறல் வலுத்தது. பழக் கூடையைத் தூக்கினேன், மை வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது.

“அண்ணா, நம்பரு அழியுதுண்ணா,” என்று ஜீப் வரைக்கும் ஓடி வந்தாள். “இன்னொரு தபா சொல்றேன், வேற எதுலனா எழுதிக்கோ.”

“வேணாம், மனப்பாடம் ஆயிடுச்சு” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினேன். அதில் ஒரு நம்பர்கூட எனக்கு ஞாபகம் இல்லை.